பெரியப்பா கடிக்காத இலை

இந்தக் கதையில் இரண்டு செடிகள் வருகின்றன. ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதை மற்றொன்றின் மேல் ஏற்றிவிடுவேனோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். அதனால் இரண்டையும் முதலிலேயே பிரித்து வைத்துவிடுகிறேன். கசக்கிற இலை ஆடாதொடை, அது மருந்து. வெள்ளைப் புனல் போலப் பூத்து முள்ளுக் காய் காய்ப்பது ஊமத்தை, அது விஷம். கதையை நம்பி எந்தப் பிள்ளையும் எந்த இலையையும் வாயில் வைக்க வேண்டாம். இனிக் கதை.

மலையடிவாரக் காடு ஒன்றில் ஒரு குட்டை இருந்தது. அதன் கரையில், ஆடு மேய்ப்பவர்கள் எப்போதோ விட்டுப்போன பட்டி இடிந்து கிடந்தது. வாசல் கல் மட்டும் தனியாக நின்றது. ஆட்டுப் புழுக்கை மக்கிய அந்த மண்ணில் ஊமத்தை புதராக மண்டியிருந்தது.

அந்தக் காட்டு விலங்குகளுக்கு ஒரு முறை இருந்தது. நோய் வந்தவருக்கு யார் இலை சொல்கிறாரோ, அவர் அந்த இலையை முதலில் தானே கடிக்க வேண்டும். கடித்துவிட்டு எழுந்து போகக் கூடாது. வாசல் கல்லின் நிழல் நகர்ந்து எதிரே இருக்கும் கறையான் புற்றைத் தொடும்வரை நோயாளியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் நோயாளி வாய் வைப்பார். காய்ச்சலுக்கு நிலவேம்பு, சளிக்குத் தூதுவளை என்று அந்தக் காட்டுக்குத் தெரிந்ததெல்லாம் யாரோ ஒருவர் முதலில் கடித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான்.

ஒரு மழைக்காலம் முடியும் நேரத்தில் காட்டில் இருமல் பரவியது. புதருக்குப் புதர் இருமினார்கள். ஆடாதொடையைத்தான் மென்றார்கள். ஆனால் அது ஆடுகூடத் தொடாத கசப்பு. இருமல் அதற்குக் கேட்பதும் மெல்லத்தான்.

இடிந்த பட்டிக்குள் ஒரு கிழ மலைப்பாம்பு படுத்திருந்தது. இரையை விரட்டிப் பிடிக்க அதனால் முடியாது. "தவளையும் எலியும் கிடைச்சா எனக்குப் போதும்ப்பா" என்று அதுவே சொல்லியிருந்தது. எல்லோரும் அதைப் பெரியப்பா என்று அழைத்தார்கள். ஆனாலும் தண்ணீர் குடிக்கக் கூட்டமாகத்தான் வருவார்கள். ஒருவர் குடிக்கும்போது மற்றவர் காவல் நிற்பார்.

ஒருநாள் பாம்பு தலையைத் தூக்கியது.

"இதென்ன, காடே இருமுது? என் தலைமாட்டிலேயே மருந்து நிக்குது. இந்த வெள்ளைப் பூச் செடி. ரெண்டு இலை தின்னா அப்பவே நிக்கும்."

"சரி பெரியப்பா. நீங்க முதல்ல கடிச்சுக் காட்டுங்க" என்றது முயல்.

"எனக்கு அரைக்கிற பல்லே கிடையாதே தம்பி. பாம்பு இலை தின்னு எங்கயாவது பார்த்திருக்கியா?"

மரத்தின் மேலிருந்த மந்தி சிரித்தது. "பெரியவரைப் போய்ப் புல்லு மேயச் சொல்றான் பாரு."

முயலுக்கு வெட்கமாகிவிட்டது. கேட்டதே மரியாதைக் குறைவு என்று தோன்றியது. ஓடிப்போய் இரண்டு இலையைக் கடித்தது.

இருமல் நின்றது. உண்மையிலேயே நின்றது.

முயல் கடித்துவிட்டதால் முறை முடிந்தது என்று மற்றவர்களும் போய்க் கடித்தார்கள். நிழல் புற்றைத் தொடும்வரை யாரும் உட்காரவில்லை. உட்கார முடியவும் இல்லை. தின்றவர்களுக்கு நாக்கு வறண்டது. எழுந்து தண்ணீர் பக்கம் போனார்கள்.

காட்டில் இருமல் சத்தம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. நடுப்பகலில் ஒரு சத்தமும் இல்லை. தின்றவர்கள் தனியாக நடந்து போவதை மந்தி மேலிருந்து பார்த்தது. சிலர் காற்றில் எதையோ பறித்தார்கள். சிலர் மரத்தைப் பார்த்து நலம் விசாரித்தார்கள். உச்சி வெயிலிலும் யாருடைய கண்ணும் சுருங்கவில்லை.

அந்தக் காட்டில் வரிச்சி என்றொரு சருகுமான், தன் குட்டியோடு இருந்தது. சருகுமான் முயலைவிடக் கொஞ்சம்தான் பெரியது, கால்கள் குச்சி போல இருக்கும். வரிச்சி எல்லாவற்றுக்கும் பயப்படும். "இவ தும்மினா இவளே திடுக்கிடுவா" என்று மந்தி கேலி செய்யும்.

ஒரு மத்தியானம் வரிச்சியின் அக்கா தவிட்டி மூங்கிலுக்குள்ளிருந்து வந்தது. முள்ளைச் சுற்றி வரவில்லை, முள் மேலேயே நடந்து வந்தது. அதன் கண் முழுவதும் கறுப்பாக இருந்தது.

"இருமல் போயிடுச்சா அக்கா?"

"போயிடுச்சு. நீ ஏன்டி அம்மாவை வெயில்ல நிறுத்தி வச்சிருக்க?"

அவர்களுடைய அம்மாவைச் செந்நாய் கொண்டுபோய் வெகுகாலம் ஆகியிருந்தது.

"அம்மாவா? எங்கே?"

"உன் பக்கத்துலதான். ஈ ஓட்டிக்கிட்டு நிக்கிறா, தெரியலையா?"

வரிச்சி திரும்பிப் பார்த்தது. சருகு மட்டும் கிடந்தது.

"தொண்டை காயுது. தண்ணி குடிச்சுட்டு வர்றோம்" என்றது தவிட்டி. வருகிறேன் என்று சொல்லவில்லை. பக்கத்தில் யாருக்கோ வழிவிட்டு ஒதுங்கி நடந்து, குட்டைப் பக்கம் போனது. திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு வரிச்சியின் குட்டி இருமத் தொடங்கியது. வரிச்சி ஆடாதொடையைக் கடித்துக் கொடுத்தது. குட்டி துப்பியது. மறுபடி கொடுத்தது. மறுபடியும் துப்பியது. இருமி இருமி அதன் விலா ஒட்டிக்கொண்டது. பால் குடிக்கவும் மூச்சு இல்லை. இப்படியே போனால் குட்டி பிழைக்காது என்று வரிச்சிக்குத் தெரிந்துவிட்டது. குட்டியைக் கூட்டிக்கொண்டு பட்டிக்குப் போய் வாசல் கல்லுக்கு இந்தப் பக்கமே நின்றது.

"வாம்மா வரிச்சி. உன் அக்காவும் இங்கதான் வந்தா. ஒரே கடியில சரியாகிடுச்சு" என்றது பாம்பு.

"அக்கா இப்ப எங்க பெரியப்பா?"

"நல்ல இடத்துலதான் இருக்கா. நீ குட்டியைக் கிட்ட அனுப்பு."

குட்டி இருமியது. வரிச்சியின் கால் முன்னால் போனது. பிறகு பின்னால் வந்தது.

"நான் பயந்தவ பெரியப்பா. நீங்க முறைப்படி செஞ்சாத்தான் எனக்கு மனசு நிக்கும்."

"பல் இல்லைன்னு எத்தனை பேருக்குச் சொல்றது?" பாம்பின் குரல் தடித்தது.

"இவளுக்கு மருந்துக்கும் பயம். நோய்க்கும் பயம்" என்றது மந்தி.

"ஆமா, பயம்தான். ஆனா எலியை நீங்க அரைச்சா சாப்பிடறீங்க? முழுசாத்தானே விழுங்கறீங்க? அதோ அந்தச் செடிக் காயையும் அதே மாதிரி விழுங்கிடுங்க."

மந்தி சிரிக்க வாயைத் திறந்தது. பிறகு யோசித்தது. "அது சரிதானே பெரியப்பா? தவளைக்கு மட்டும் பல்லா தேடினீங்க?"

பாம்பு குட்டியைப் பார்த்தது. குட்டி இளசாக இருந்தது. தன் வயிறும் காலியாக இருந்தது. இவ்வளவு நீள உடம்பை ஒரு சின்னக் காய் என்ன செய்துவிடும் என்று அது நினைத்தது. தலையை நீட்டி, முள்ளோடு ஒரு ஊமத்தங்காயை விழுங்கியது.

"ஆச்சா? இப்ப அனுப்பு."

"நிழல் புற்றைத் தொடட்டும் பெரியப்பா."

உட்கார்ந்தார்கள். காற்று இல்லை. ஊமத்தைப் பூக்கள் எல்லாம் வாயைத் திறந்து மேலே பார்த்தபடி நின்றன. நிழல் புல்லின் மேல் ஊர்ந்தது. குட்டியின் இருமலைத் தவிரக் காட்டில் வேறு சத்தமே இல்லை.

நிழல் பாதி தூரம் வந்தபோது பாம்பின் கண் மாறியது. கோடு போலிருந்த கண்மணி அகன்றது. அகன்று அகன்று வட்டமாகி, கண் முழுவதும் கறுத்தது. தவிட்டியின் கண் போல.

"தள்ளிப் படு" என்றது பாம்பு.

"யாரைச் சொல்றீங்க?" என்று கேட்டது மந்தி.

"இந்த முயலைத்தான். காதை மடக்கிக்கிட்டுப் படுன்னா கேக்கறானா? எல்லாருக்கும் இடம் இருக்கு. யாரும் முண்டாதீங்க."

மந்தி கிளையை இறுகப் பிடித்துக்கொண்டது.

பாம்பு கழுத்தை வளைத்துத் தன் நடு உடம்பைப் பார்த்தது. அங்கே யாரோ பேசுவதைக் கேட்பது போலத் தலையைச் சாய்த்தது. பிறகு, குழந்தையை அதட்டுகிற குரலில் மெல்லச் சொன்னது:

"சும்மா இரு தவிட்டி. உன் தங்கச்சி வெளியில நிக்கிறா. காதுல விழுந்துடும்."

வரிச்சி கத்தவில்லை. ஆபத்து என்றால் சருகுமான்கள் குளம்பால் தரையைத் தட்டும். வரிச்சி தட்டியது. காடு முழுவதும் கேட்கும்படி, கால் நோகத் தட்டியது. பட்டிக்கு வரும் வழியில் இருந்தவர்கள் எல்லாம் அங்கேயே நின்று திரும்பினார்கள்.

பாம்பு அதைக் கவனிக்கவில்லை. அதன் நாக்கு வறண்டிருந்தது. "தண்ணிதானே? வாங்க, எல்லாரும் போவோம்" என்று வயிற்றைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே குட்டைக்குள் இறங்கியது. நீந்தத் தெரிந்த பாம்புதான். ஆனால் கரை எந்தப் பக்கம் என்று அதற்குத் தெரியவில்லை. "ஒவ்வொருத்தரா வாங்க" என்ற குரல் தண்ணீருக்குள் போனது. குமிழிகள் வந்தன. பிறகு அவையும் நின்றன.

அப்போதுதான் கல்லின் நிழல் புற்றைத் தொட்டது.

வரிச்சி குட்டியோடு ஆடாதொடைப் புதருக்குப் போனது. மந்தியும் மரத்திலிருந்து இறங்கிப் பின்னாலேயே வந்தது. இருமிக்கொண்டே வந்தது. தனக்கும் இருமல் என்பதை அது இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லை.

வரிச்சி ஓர் இலையைக் குட்டி பார்க்கும்படி மென்று விழுங்கியது. இந்த இலைதானா என்று சந்தேகம் வந்து இன்னொன்றையும் மென்றது. அங்கிருந்து வாசல் கல் தெரியவில்லை. அதனால் ஒரு மரத்தின் நிழலைக் குறித்துக்கொண்டு, அது நகரும்வரை உட்கார்ந்திருந்தது. பிறகு கொடுத்தது. குட்டி முகத்தைச் சுளித்தது. மந்தியும் சுளித்தது. இந்த முறை இருவரும் துப்பவில்லை.

இருமல் உடனே நிற்கவில்லை. பல நாள் இருந்தது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைந்தது. குட்டி இருமும்போதெல்லாம் வரிச்சி விழித்துப் பார்க்கும். கண்மணி சிறியதாகத்தான் இருக்கிறது, தன்னை அதற்கு அடையாளம் தெரிகிறது என்று பார்த்துக்கொண்டு திரும்பப் படுக்கும். அந்தக் குட்டைக்கு அது பிறகு போகவே இல்லை. தூரத்து ஓடையில் குடித்தது. வழியில் யார் என்ன இலை சொன்னாலும், "நீங்க கடிங்க, நான் உட்கார்ந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு நிழலைப் பார்க்கத் தொடங்கியது. பெரியவர் சின்னவர் என்று பார்க்காமல் எல்லோரிடமும் சொன்னது. மந்தி அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

தான் வாய் வைக்காத மருந்தை அடுத்தவர் வாயில் வைக்கச் சொல்கிறவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், வெட்கப்படாமல் முறையைக் கேட்பவரே பிழைப்பார்.