மெட்டில்டாவின் கம்பிகள்

பவளக்கொடி என்று பெயர் சொல்லி விசாரித்தால் தூத்துக்குடியில் ஒருவருக்கும் தெரியாது. மாஸ்டர் என்றால் தெரியும். கல்யாணக் கச்சேரிகளில் பேஸ் கிட்டார், அடிக்குரலில் பேசும் நாலு கம்பிக் கிட்டார், வாசிக்கிற பெண். பேச்சு குறைவு. பஞ்சர் கடைக்கு மேலே ஓர் அறை, இரண்டு நாற்காலி, ஒரு ஸ்பீக்கர் பெட்டி. பாடம் அங்கேதான்.

அங்கே கற்றுக்கொள்ள வந்தவர்களில் அலாய்ஸ் ஒருவர். வயதில் மாஸ்டருக்கு அப்பா மாதிரி. துறைமுகத்தில் இழுவைக் கப்பலுக்கு இன்ஜின் பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி மெட்டில்டா மாதா கோயில் பாடகர் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவள். அவள் போய்விட்டாள். கிட்டார் இருந்தது.

முதல் நாளே அலாய்ஸ் சொல்லிவிட்டார்.

“எனக்குப் பாட்டு ஒண்ணும் வேண்டாம் மாஸ்டர். அவ வாசிக்கையில ஒரு சத்தம் வரும். அது எனக்கு ஒருதடவை வந்தாப் போதும்.”

“வந்தா?”

“வந்தா நிறுத்திருவேன். உங்களுக்கும் தொந்தரவு இல்ல.”

மாஸ்டர் சரி என்றார். எங்கே விரல் வைப்பது, எப்படி இழுப்பது என்று காட்டினார். அலாய்ஸ் சீக்கிரமே பிடித்துக்கொண்டார். விரல் பழகியது. கோயிலில் பூசை தொடங்கும்போது வாசிக்கிற நடை ஒன்று, சாதாரண நடை, அதைத் தப்பில்லாமல் வாசித்தார். அந்தச் சத்தம் மட்டும் வரவில்லை. ஒவ்வொரு முறையும் வாசித்து முடித்துத் தலையை ஆட்டுவார். உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

ஒரு மத்தியானம் கிட்டாரோடு ஒரு துணிப்பையும் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார். பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து ஜன்னலில் வைத்தார். உள்ளே கறுத்த தண்ணீர்.

மாஸ்டர் பாட்டிலைப் பார்த்தார்.

“கஷாயமா அண்ணாச்சி?”

“கம்பி அவிச்ச தண்ணி.”

மாஸ்டருக்கு அதில் ஆச்சரியமில்லை. பேஸ் வாசிக்கிறவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது செய்து பார்ப்பதுதான். கம்பி மங்கிப்போனால் கழற்றிக் கொதிக்கிற தண்ணீரில் போடுவார்கள். மேலே சுற்றியிருக்கும் இழைகளுக்குள் ஏறிக் கிடக்கும் வியர்வையும் எண்ணெயும் கரைந்து வந்துவிடும். கொஞ்ச நாளைக்குக் கம்பி புதுசு மாதிரி கணகணக்கும்.

“எதுல அவிச்சீங்க?”

“இட்லிக் கொப்பரையில.”

“வெந்துச்சா?”

அலாய்ஸ் சிரிக்கவில்லை.

“அவ கம்பி மாஸ்டர்.”

மாஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டார். “உக்காருங்க. யார் சொல்லிக் குடுத்தா?”

“உங்க கீபோர்டுக்காரன், சந்தனகுமார். அவிச்சா செத்த கம்பிக்கும் உசிரு வந்துரும்னான்.”

“சொல்லுவான்.”

“இத்தனை நாளா அவ கம்பியிலதானே வாசிக்கேன். அவ போனப்புறம் ஒண்ணைக்கூட மாத்தல. அப்படியும் அந்தச் சத்தம் வரல. டக்கு டக்குன்னு விரல்தான் பேசுது. என் கை சரியில்லன்னு பாத்தேன். அப்புறம் கம்பிதான் கொஞ்சங் கொஞ்சமாச் சாகுதுன்னு தோணிச்சு. முழுசாச் சாகறதுக்குள்ள காப்பாத்தணும்னு…”

“அவிச்சுட்டீங்க.”

“தண்ணி கறுத்துப்போச்சு. கறுத்ததுக்கு அப்புறந்தான் புத்தியில பட்டுது. அது அவ கை அழுக்குல்லா.”

கீழே பஞ்சர் கடையில் காற்றடிக்கும் இயந்திரம் ஓடி நின்றது.

“இப்ப எப்படி இருக்கு, கம்பி?”

“கரண்டி கீழ விழுந்த மாதிரி.”

அலாய்ஸ் எழுந்து ஜன்னலுக்குப் போனார். பாட்டிலைத் தொடாமல் குனிந்து பார்த்தார்.

“இதைத் திரும்ப ஏத்த முடியுமா மாஸ்டர்?”

“எதை?”

“அழுக்கை.”

மாஸ்டர் பாட்டிலையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நான் தேங்காண்ணெய் தடவிப் பாத்தேன். தலைக்குத் தேச்ச கையோட வாசிக்க உக்காருவா. துடைடீன்னாக் கேக்க மாட்டா. சில நாள் மீன் கழுவின கை. கோயிலுக்கு நேரமாச்சுன்னு அப்படியே ஓடுவா. அதனால அதையும்…”

“மீனையுமா தடவுனீங்க?”

“சாளை.”

அறைக்குள் வந்திருந்த வாடைக்கு மாஸ்டருக்கு இப்போதுதான் காரணம் தெரிந்தது. எழுந்து ஜன்னலின் மறுகதவையும் திறந்துவிட்டார்.

“திட்டணும்னா திட்டிருங்க,” என்றார் அலாய்ஸ்.

“பையில இன்னும் என்ன இருக்கு?”

ஒரு அட்டைப் பொட்டலம் வந்தது. பிரிக்காத புதுக் கம்பி.

“கடைக்காரன் குடுத்தான். மேல பட்டையாச் சுத்தின கம்பியாம். வழவழன்னு இருக்குமாம். மொத நாளே பழைய கம்பி மாதிரி மந்தமாப் பேசுமாம். கடைசியா இதையும் பாத்திருவோம் மாஸ்டர். இதுலயும் வரலேன்னா கிட்டாரைத் தூக்கிப் பரண்ல போட்டுருதேன். என்னால முடியல.”

“போடுங்க.”

“போட்டுருவேன்.”

“மொதல்ல இதை மாட்டுங்க.”

அலாய்ஸ் பழைய கம்பிகளைத் தளர்த்திக் கழற்றினார். ஒவ்வொன்றையும் சுருட்டி, சட்டைப் பைக்குள் வைத்தார். கிட்டாரைத் துணியால் துடைத்தார். மேல்பக்கத்தில், கம்பிக்கு அருகே, மெட்டில்டாவின் கட்டைவிரல் ஊன்றிய இடத்தில் வண்ணம் போய் மரம் தெரிந்தது. அந்த இடத்தை மட்டும் துடைக்காமல் விட்டார்.

புதுக் கம்பியைக் கோத்து இழுத்தார். நீளம் அதிகமாக இருந்தது. குறடை எடுத்தார்.

“நில்லுங்க. வெட்டறதுக்கு முன்னால மடக்கணும். மடக்காம வெட்டினா மேல்சுத்து நழுவிரும். அப்புறம் எவ்வளவு முறுக்கினாலும் ஊமைதான்.”

அலாய்ஸ் மடக்கினார். பிறகு வெட்டினார். இன்ஜின் பார்த்த கை, வேலை சுத்தமாக இருந்தது. நாலு கம்பியும் ஏறின. சுருதி சேர்த்தார். புதுக் கம்பி நெகிழும், சுருதி இறங்கும். மறுபடி ஏற்றினார். மறுபடி இறங்கியது. பொறுமையாக ஏற்றினார்.

ஸ்பீக்கர் பெட்டியில் வயரைச் செருகினார். பூசை நடையை வாசித்தார். பாதியில் கையை எடுத்துவிட்டார்.

“வரல.”

“எது வந்துச்சு?”

“விரல்தான். கொஞ்சம் மெத்துன்னு இருக்கு. அவ இல்ல.”

குனிந்து உறையின் ஜிப்பைத் திறக்க ஆரம்பித்தார்.

“அண்ணாச்சி. அவங்க வாசிக்கும்போது நீங்க எங்க இருப்பீங்க?”

“கோயில்லதான்.”

“கோயில்ல எங்க?”

“பாட்டுக்காரங்க பீடத்துக்குப் பக்கத்துல. நான் கடைசி வாசல்ல. அங்க தூண்ல சாஞ்சு நிப்பேன். ஆம்பளைங்க பாதிப் பேரு அங்கதான். பிரசங்கம் நீண்டா வெளிய நழுவ வசதி.”

“அங்க எப்படி வரும், அந்தச் சத்தம்?”

அலாய்ஸ் ஜிப்பை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“காதுக்கு வராது மாஸ்டர். மொதல்ல தூணுக்கு வரும். தூண்ல இருந்து என் முதுகுக்கு வரும். கப்பல் இன்ஜினை மெதுவா ஓடவிட்டா தரை வழியாக் காலுக்கு ஏறுமே, அந்த மாதிரி. உருண்டையா. முழுசா. கோயில் நெறைய சனம், எல்லாரும் பாடுதாங்க, இருமுதாங்க. அதுக்குள்ள அவ என்கிட்ட மட்டும் என்னவோ சொல்லுத மாதிரி இருக்கும்.”

“இதை அவங்ககிட்ட சொல்லியிருக்கீங்களா?”

“எதை?”

“இப்ப என்கிட்ட சொன்னதை.”

“இதையெல்லாம் போயி பொண்டாட்டிகிட்ட யாரு சொல்லுவா?” உறையைக் காலால் தள்ளிவிட்டுச் சொன்னார்: “அவதான் விசாரிப்பா. பூசை முடிஞ்சு வீட்டுக்கு நடக்கையில. ஒரு ஞாயித்துக்கிழமை விட்டதில்ல. ‘எப்படி இருந்துச்சு?’ன்னு.”

“நீங்க?”

“‘ம்’னு சொல்லுவேன். சீக்கிரம் நட, கறிக்கடையில கூட்டம் சேந்துரும்னு சொல்லுவேன்.”

“அவ்வளவுதானா?”

“அவளுக்குத் தெரியாதா மாஸ்டர்? அவதானே வாசிச்சா.”

மாஸ்டர் எழுந்து வந்து கிட்டாரை வாங்கிக்கொண்டார்.

“கீழ போங்க. தெருமுனையில உப்பு லாரி நிக்கும். அதுல சாஞ்சு நில்லுங்க.”

“எதுக்கு?”

“போங்க அண்ணாச்சி.”

அலாய்ஸ் போனார். முழங்கால் வலி உள்ளவர், படியில் பக்கவாட்டாகத்தான் இறங்குவார். தெருவில் வெயில். பஞ்சர் கடையைத் தாண்டி, டீக்கடையைத் தாண்டி, முனைக்குப் போனார். லாரி நின்றது. அதன் பக்கப் பலகையில் சாய்ந்தார். பலகை சுட்டது. இது என்ன கூத்து என்று நினைத்தார்.

முதலில் பலகைக்கு வந்தது.

பலகையிலிருந்து முதுகுக்கு வந்தது.

அலாய்ஸ் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணை மூடவும் இல்லை. மூடினால் நின்றுவிடுமோ என்று பயந்தார். ஒரு ஸ்கூட்டர் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அதற்கு அடியில் அது வந்துகொண்டே இருந்தது. உருண்டையாக, முழுசாக, அவசரமில்லாமல். வழக்கமான இடத்தில் கொஞ்சம் இறங்கி வழக்கமான இடத்தில் ஏறியது. ஞாயிற்றுக்கிழமை மாதிரி இருந்தது.

லாரியிலிருந்து டிரைவர் எட்டிப் பார்த்தார்.

“என்ன பெரியவரே, மயக்கமா?”

“பேசாத.”

“வண்டியை எடுக்கணும்.”

“எடுக்காத. கொஞ்சம் பொறுப்பா. கொஞ்சந்தான்.”

டிரைவர் அவர் முகத்தைப் பார்த்தார். பீடியைப் பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

சத்தம் நின்றது. நின்ற பிறகும் அலாய்ஸ் பலகையை விட்டு நகரவில்லை. டிரைவர் இறங்கி வந்து தோளைத் தொட்டபிறகுதான் நகர்ந்தார்.

மேலே வந்தபோது மூச்சு வாங்கியது.

“அவதான்.”

“நான்தான்,” என்றார் மாஸ்டர்.

“எந்தக் கம்பி?”

“நீங்க மாட்டினது.”

“அவ வாசிச்சு நீங்க கேட்டிருக்கீங்க. எங்கயோ கேட்டிருக்கீங்க.”

“இல்ல. அவங்க இருந்தப்போ நான் கோவில்பட்டியில இருந்தேன். முகங்கூடத் தெரியாது.”

“அப்புறம் எப்படி அப்படியே வந்துச்சு?”

“என்ன வந்துச்சுன்னு எனக்குத் தெரியாதே அண்ணாச்சி. எனக்கு இங்க விரல் சத்தந்தான். டக்கு டக்குன்னு. இந்த வாத்தியம் அப்படித்தான். மடியில இருக்கும்போது பேசாது. தள்ளிப் போனவங்களுக்குத்தான்.”

அலாய்ஸ் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“வாசிக்கிற எல்லாருக்கும் அப்படியா?”

“எல்லாருக்கும்.”

“எத்தனை வருசம் வாசிச்சாலும்?”

“எத்தனை வருசம் வாசிச்சாலும்.”

கீழே காற்றடிக்கும் இயந்திரம் மறுபடி ஓடியது.

“அப்ப அவளுக்கு ஒருநாளும்…” என்று ஆரம்பித்தார் அலாய்ஸ். முடிக்கவில்லை.

மாஸ்டர் கிட்டாரை அவரிடம் நீட்டினார்.

“வாசிங்க. இப்ப நான் கீழ போறேன்.”

“எனக்கு ஒருதடவை போதும்னு சொன்னேன். அதான் வந்துருச்சே.”

“வாசிங்க.”

மாஸ்டர் இறங்கிப் போனார். அலாய்ஸ் உட்கார்ந்தார். கட்டைவிரலை எப்போதும் தள்ளித்தான் வைப்பார். இன்று வண்ணம் போன அந்த இடத்தில் வைத்தார். நடையைத் தொடங்கினார்.

டக்கு, டக்கு என்றது. விரல் சத்தம்தான். அவர் நிறுத்தவில்லை. ஜன்னலில் இருந்த பாட்டிலில் கறுத்த தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே வாசித்தார். தன்னிடமிருந்து என்ன போகிறது, எதுவரை போகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. தெருமுனையை நினைத்துக்கொண்டு வாசித்தார். தூணை நினைத்துக்கொண்டு வாசித்தார். கடைசிவரை வாசித்தார்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மாஸ்டர் நிலைப்படியைத் தாண்டுவதற்குள் அலாய்ஸ் கேட்டுவிட்டார்.

“எப்படி இருந்துச்சு?”

கேட்ட பிறகு அவர் கை கம்பியின் மேலேயே நின்றுவிட்டது.

மாஸ்டர் செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ம்,” என்றார்.

மாஸ்டர் இன்னும் ஏதாவது சொல்வார் என்று அலாய்ஸ் காத்திருந்தார்.