தார்ன்மியர் பிரபுவின் பல்லக்கு

சீமையிலிருந்து வந்த தார்ன்மியர் பிரபு, வம்சத்தில் ஒன்பதாவது பிரபு. அப்பன் கண்ணை மூடினால் பட்டம் அன்றைக்கே மூத்த மகனுக்கு என்பது அவர்கள் குடும்ப வழக்கம். அந்தப் பெருமையை நாலு பேரிடம் சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

மதுரைக்குப் போகப் பல்லக்கு ஏறினார். முன்கொம்பு பிடித்தவன் ஒச்சப்பன். வழியில் கல்லோ முள்ளோ கண்டால் அதைப் பாட்டாகவே சொல்லுவான். பின்கொம்புக்காரர்களுக்குப் பல்லக்கு மறைத்துப் பாதை தெரியாது. அவன் பாட்டைக் கேட்டுத்தான் கால் வைப்பார்கள்.

"கல்லு முள்ளெல்லாம் ஒரு பாட்டா? என் வம்சத்தைப் பாடு! நடுவில் வேறு பேச்சு வந்தால் சவுக்கடி" என்றார் பிரபு.

"உத்தரவு எசமான்" என்றான் ஒச்சப்பன்.

"மொதலாம் பிரபு சண்டையிலே செயிச்சவரு! ரெண்டாம் பிரபு ராசாகூட உண்டவரு!" என்று பாடிக்கொண்டே வைகைக்குள் இறங்கினான். நல்ல வெள்ளம். பின்னால் ஒருவனுக்குக் கால் வழுக்க, பல்லக்கு சாய்ந்து பிரபுவின் தொப்பி ஆற்றோடு போயிற்று.

ஒச்சப்பன் நடு ஆற்றில் நின்றுவிட்டான்.

"ஏன் நின்றாய்?"

"எட்டாம் பிரபு, உங்க ஐயா வரைக்கும் பாடியாச்சு. ஒன்பதாவது நீங்க. முன்னால ஆள் முழுகுற பள்ளம் கிடக்குது எசமான். அதைச் சொல்லாமப் போனா, அடுத்த அடிக்குப் பத்தாம் பிரபுவைத்தான் பாடணும். உங்க மூத்த பிள்ளை பேரென்ன?"

"பள்ளத்தைச் சொல்லு!" என்று அலறினார் பிரபு.

அதன்பிறகு மதுரை வரைக்கும் அவரே தலையை வெளியே நீட்டி, "அதோ ஒரு கல்லு, அதைப் பாடு" என்று அடி எடுத்துக் கொடுத்துக்கொண்டே போனார்.