மெழுகு வைத்துப் பார்த்த மந்தி

இந்தக் கதை நான் கேள்விப்பட்டதுதான். விடுதிச் சமையலறையில் தோசைக்கல்லின் முன் நிற்கும் அக்கா ஒருவர் சொன்னார். அவருக்கு வேறு யாரோ சொன்னார்களாம். எந்தக் காட்டில் நடந்தது என்று அவருக்கும் தெரியவில்லை. அதனால் கேட்டவரைக்கும் எழுதுகிறேன்.

ஒரு மலைக்காட்டில், சுனைக்குப் பக்கத்தில், மனிதர்கள் விட்டுப்போன கரியடுப்பு ஒன்று இருந்தது. அடுப்பின்மேல் கம்பி வலை. வலையின்மேல் இரண்டு காது வைத்த பெரிய இரும்புச் சட்டி.

கிழங்கு தோண்டி முடிந்ததும் விலங்குகள் எல்லாம் அங்கே கூடும். வள்ளிக்கிழங்கில் தேன் தடவி, சட்டியில் சுட்டுத் தின்னும். அடுப்பு மூட்டுவது சங்கிலி என்ற கரடி. சட்டியை இறக்குவது விரல் உள்ள குரங்குக் கூட்டங்கள், ஆண்டுக்கு ஒரு கூட்டமாக. முறை தவறிய கூட்டத்துக்கு அடுத்த மழை வரை சுனைத் தண்ணீர் கிடையாது.

அந்த ஆண்டு கருமந்திகளின் முறை. குச்சி எடுத்துப் பார்த்தார்கள். நீளக் குச்சி செல்லி என்ற மந்திக்கு வந்தது.

அன்றிலிருந்து செல்லிக்குத் தொண்டையில் இலை இறங்கவில்லை.

போன ஆண்டு சட்டி இறக்கியவன் மொட்டையன் என்ற குரங்கு. தேக்கிலையை நாலாக மடித்துப் பிடித்தான். இலை பொசுங்கியது. உள்ளங்கை இரண்டும் வெந்தன. ஏழு நாள் மரத்தடியிலேயே கிடந்தான். கிளையைப் பிடிக்கக் கை கூடவில்லை. எட்டாம் நாள் காலையில் அவன் கிடந்த இடத்தில் சிறுத்தையின் கால்தடம் மட்டும் இருந்தது.

செல்லி தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். கை போனால் மரம் போச்சு. மரம் போனால் உயிர் போச்சு!

விருந்து நாள் வந்தது. உச்சி வெயில். அடுப்பில் கரி சிவந்து கிடந்தது. அப்போது நரி ஒரு சாக்கை இழுத்துக்கொண்டு வந்தது.

"அடியே செல்லி! உன் முகத்தைப் பார்த்தா பாவமா இருந்துச்சு. அதான் தேடி எடுத்துட்டு வந்தேன். மனுசங்க விட்டுட்டுப் போன கையுறை! மூணு ஜோடி!"

"நிஜமாவா அண்ணே?" என்றாள் செல்லி. இந்த நரி இதுவரை யாருக்கும் ஒரு எலும்பைக்கூடக் கொடுத்ததில்லை.

முதல் ஜோடி பிளாஸ்டிக், செக்கச் சிவந்து பளபளத்தது. இரண்டாவது மெல்லிய தோல், மணிக்கட்டோடு நின்றுவிட்டது. மூன்றாவது சாம்பல் நிறம். தடிமனான பருத்தித் துணியை இரண்டு மடிப்பாக வைத்துத் தைத்தது. முழங்கை வரை வந்தது. பார்க்க அழுக்கு மூட்டை மாதிரி இருந்தது.

"சிவப்பைப் போடு! உன் கறுப்பு ரோமத்துக்கு எடுப்பா இருக்கும்!" என்றது நரி.

"அழகா இருந்தா சுடாதா அண்ணே?"

"கேள்வியைப் பாரு! பயந்தாங்கொள்ளி!"

கூட்டம் சிரித்தது. செல்லிக்குக் காது சூடானது. ஆனாலும் அவள் கையுறைக்குள் கையை விடவில்லை. கரடியிடம் போனாள்.

"சங்கிலி மாமா, தேனடை பிழிஞ்ச மெழுகு இருக்கா? கொஞ்சம் குடுங்க."

"எதுக்கும்மா?"

"என் கைக்குப் பதிலா அதை அனுப்பப் போறேன். அது உருகினா என் தோலும் வெந்துடும்."

அடுப்பிலிருந்து சட்டியை வைக்கும் பாறை வரை எத்தனை எட்டு என்று அவள் நடந்து பார்த்தாள். பன்னிரண்டு எட்டு. தடுமாறினால் பதினைந்து ஆகும். அதனால் பதினைந்து எண்ணுவது என்று முடிவு செய்தாள்.

சிவப்புக் கையுறைக்குள், உள்ளங்கை வரும் இடத்தில் மெழுகு உருண்டையை வைத்தாள். அதை ஒரு கவைக் குச்சியால் சட்டியின் காதில் அழுத்தினாள். மூன்று எண்ணுவதற்குள் நாற்றம் வந்தது. சிவப்பு இளகி, இரும்போடு ஒட்டிக்கொண்டது!

முள்ளம்பன்றி மூக்கைச் சுளித்தது. "அய்யய்யோ! உள்ளே கை இருந்திருந்தா தோலோட வந்திருக்குமே!"

தோல் கையுறையில் எட்டு வரை மெழுகு தாங்கியது. ஒன்பதில் குழைந்தது. சாம்பல் கையுறையில் பதினைந்து எண்ணி, இன்னும் ஐந்து எண்ணினாள். மெழுகு அப்படியே இருந்தது.

"இது போதும்," என்றாள் செல்லி. அன்று முதல்முறையாக அவளுக்கு மூச்சு சரியாக வந்தது.

"சட்டுனு இறக்கும்மா! அடியில பிடிக்கப் போகுது!" என்று கரடி அவசரப்படுத்தியது.

"இரு இரு!" நரி முந்திக்கொண்டது. சாம்பல் கையுறை இரண்டையும் கவ்விக்கொண்டு சுனைக்கு ஓடியது. முக்கி எடுத்து, சொட்டச் சொட்டக் கொண்டுவந்து நீட்டியது. "நெருப்புக்கு எதிரி யாரு? தண்ணிதானே! இப்பப் போடு, ஜில்லுனு இருக்கும்!"

"ஆமா, அதுவும் சரிதான்!" என்றது எருமை. "நெருப்பை அணைக்கத் தண்ணிதானே ஊத்துறோம்!"

எல்லோரும் தலையாட்டினார்கள். செல்லிக்கும் சரி என்றுதான் பட்டது. குளிர்ந்த துணி எப்படிச் சுடும்? ஒரு கையை உள்ளே விடப் போனாள். விரல் நுனி ஈரத்தில் பட்டது.

சட்டென்று கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அவள் சோதித்தது உலர்ந்த கையுறையை. இது அதுதானா?

"மெழுகு..." என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "மெழுகு குடுங்க. இன்னொரு தடவை பாக்கணும்."

"இன்னொரு தடவையா!" எருமை காலைத் தரையில் அடித்தது. "எங்க பசியோட விளையாடுறியா?"

"இவ இறக்கமாட்டா! இவ கூட்டத்துக்குத் தண்ணியை நிறுத்துங்க!" என்று கத்தியது நரி.

தூரத்தில் நின்ற அவள் கூட்டத்தில் குட்டிகள் தாய்களை இறுக்கிக்கொண்டன. செல்லி மெழுகை எடுத்துக்கொண்டாள். "திட்டுங்க. பதினஞ்சு எண்ணுற நேரந்தான். அதுக்கப்புறம் நானே இறக்குறேன்!"

ஈரக் கையுறைக்குள் மெழுகை வைத்து, சட்டியின் காதில் அழுத்தினாள்.

"ஒண்ணு... ரெண்டு..."

புஸ்ஸென்று ஆவி கிளம்பியது.

"மூணு... நாலு... அஞ்சு..."

கையுறையின் வாயிலிருந்து மெழுகு சொட்டியது. சொட்டுச் சொட்டாக நெருப்பில் விழுந்து தீப்பற்றியது.

செல்லி தன் உள்ளங்கையை மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டாள். பிறகு நரியைப் பார்த்தாள். நரி அவளைப் பார்க்கவில்லை. சட்டியையும் பார்க்கவில்லை. சுனைக்கு அந்தப் பக்கம் இருந்த புதரையே பார்த்துக்கொண்டிருந்தது. புதருக்குக் கீழே, புள்ளி போட்ட வால் ஒன்று மெல்ல அசைந்தது.

நரியின் கணக்கு அவளுக்குப் புரிந்துவிட்டது. கை வெந்து, மரம் ஏற முடியாத மந்தி! நரியும் சிறுத்தையும் ஆளுக்குப் பாதி!

"மாமா!" என்று அலறினாள். "அந்தப் புதர்ல!"

கரடி எழுந்து நின்று உறுமியது. யானை தும்பிக்கையைத் தூக்கியது. புதர் ஒருமுறை குலுங்கி அடங்கியது. திரும்பிப் பார்த்தால் நரியையும் காணோம்.

"சரிம்மா, சிறுத்தை போச்சு," என்றது கரடி தயங்கித் தயங்கி. "ஆனா கிழங்கு கருகுதே!"

செல்லி ஈரக் கையுறையைத் தூக்கிக் காட்டினாள். "கரியை ஓரமாத் தள்ளி வைங்க மாமா. கருகினது கருகட்டும். கையுறை உலரணும். அதுவரைக்கும் நான் சட்டியைத் தொடமாட்டேன்."

கையுறைகளைப் பாறையில் பரப்பினார்கள். வெயில் சாயும்வரை காத்திருந்தார்கள். எருமை முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. செல்லி போய்ப் போய்க் கையுறையை உள்ளும் புறமும் தடவிப் பார்த்தாள். கிழங்கு ஆறிப்போனதால் கரியை மறுபடி கூட்டிச் சூடேற்றினார்கள். அவள் மூன்றாம் முறையாக மெழுகு வைத்தாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. எருமையே சத்தமாகப் பதினைந்து எண்ணியது.

மெழுகு உருகவில்லை. செல்லி கையுறையை மாட்டி, கண்ணை மூடாமல் சட்டியைப் பிடித்தாள். பன்னிரண்டு எட்டு. பாறையில் வைத்தாள்.

கிழங்கில் பாதி கரிக்கட்டை. "கசக்குது!" என்று எருமை சொல்லிக்கொண்டே தின்றது. செல்லி ஒரு துண்டுகூட எடுக்கவில்லை. நேராக மிக உயரமான மரத்துக்குப் போனாள். கிளைக்குக் கிளை கைமாற்றி, உச்சி வரை ஏறினாள். அங்கே உட்கார்ந்த பிறகுதான் அழுதாள்.

பயம் வரும்போது அதை மறைத்துக்கொண்டு பாயாமல், ஒரு தடவை சோதித்த பொருளே ஆனாலும் அதில் ஏதாவது மாறியிருந்தால் மறுபடி சோதித்துப் பார்ப்பவரே தப்பிப் பிழைப்பார்.

இதைக் கேட்ட பிறகு நான் ஓர் இயற்பியல் புத்தகத்தைத் தேடிப் பார்த்தேன்: அசையாத காற்றைவிடத் தண்ணீர் இருபது மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும் என்று போட்டிருக்கிறது, அதனால் அடுப்பங்கரையில் ஈரத்துணியால் சூடான பாத்திரத்தைப் பிடிப்பவர்களுக்கு உண்மையிலேயே கை வெந்துபோகும்.