மாறையன் எழுதிய முப்பத்தேழு விதிகள்

காலை பத்தே கால். திருப்பி அனுப்பப்பட்ட மனுக்கள் நாலாயிரத்துப் பன்னிரண்டு. திருப்பி அனுப்பியவர் மாறையன்.

மல்லிபுர அரசவையில் சாதுரியத்துக்குப் பேர்போனவர் அவர். குடிமக்கள் குறை சொல்ல இணையத்தில் மனுப் படிவம் திறந்தபோது, மின்னஞ்சல் முகவரி சரிதானா என்று பார்க்கும் முப்பத்தேழு விதிகளை அவர்தான் எழுதினார். முகவரி என்றால் எப்படி இருக்கும் என்று அறிய அவர் ஆராய்ந்தது ஒரே ஒரு முகவரியை. தன்னுடையதை.

அன்று மன்னர் வீரபாகுவே படிவத்தை நிரப்பிப் பார்த்தார். "முகவரி தவறு" என்றது.

"என்னய்யா மாறையா, நாட்டை ஆள்பவனுக்கே உள்ளே இடமில்லையா?"

"பிரபு, தங்கள் முகவரி நடுவில் கூட்டல் குறி இருக்கிறது. அதை நான் தடுத்திருக்கிறேன்."

"எதற்கு?"

"என் முகவரியில் அது இல்லை, பிரபு."

அவை குலுங்கியது. விதி எழுதும் அந்த வேலைமேல் நாலு மாதமாகக் கண் வைத்திருந்த தளவாய் உடையப்பர் எழுந்தார். "அரசே, விதிகள் போதவில்லை. நான் எண்பது எழுதுகிறேன்."

மன்னர் சொன்னார்: "மாலைக்குள் இருவரும் கொண்டுவாருங்கள். பொய் முகவரி ஒன்றுகூட நுழையக் கூடாது. மெய் முகவரி ஒன்றுகூட வெளியே நிற்கக் கூடாது. வென்றவருக்கே வேலை."

மாறையன் முப்பத்தெட்டாவது விதியோடு மதியம்வரை மல்லுக்கட்டினார். பிறகு எல்லாவற்றையும் அழித்தார்.

மாலையில் உடையப்பர் எண்பது விதிகளோடு வந்தார். மாறையனிடம் இருந்தது ஒன்று: நடுவில் @ குறி இருந்தால் போதும்.

"அப்படியானால் கண்ட கழுதையும் நுழையுமே!" என்றார் உடையப்பர்.

"நுழைத்துப் பார்ப்போமே" என்ற மாறையன், தளவாயின் படிவத்தில் 'கழுதை@மல்லிபுரம்.நாடு' என்று தட்டினார். எண்பது விதிகளும் வழிவிட்டன. மனு ஏற்கப்பட்டது. உடையப்பர் முகம் கறுத்தது.

அதையே மாறையன் தன் படிவத்தில் தட்டினார். "உங்கள் முகவரிக்குக் கடிதம் போயிருக்கிறது. அதிலுள்ள இணைப்பைத் தொட்டால் மனு ஏற்கப்படும்" என்று வந்தது. அடுத்து மன்னரின் முகவரி, கூட்டல் குறியோடு. மன்னரின் கைப்பேசி ஒலித்தது. தொட்டார். மனு ஏறியது.

கழுதையிடமிருந்து பதில் இல்லை.

"எத்தனை நேரமய்யா காத்திருப்பது?"

"அது இணைப்பைத் தொடும்வரை, பிரபு. தொட்டுவிட்டால் அதன் குறையையும் கேட்டுத்தானே ஆகவேண்டும்!"

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வேலை மாறையனிடமே நின்றது. திருப்பி அனுப்பிய நாலாயிரத்துப் பன்னிரண்டு பேருக்கும் அவரே மன்னிப்புக் கடிதம் எழுதினார்.

மார்கழி ஏழாம் தேதி, கடவுச்சொல் எப்படி இருக்கவேண்டும் என்று விதி வகுக்கும் பொறுப்பும் அவருக்கு வந்தது. முதல் வரைவில் அறுபத்திரண்டு விதிகள் இருந்தன.