நுரையாயி கேட்காமல் போன கேள்வி

மீனும் பறவையும் நண்டும் ஒரே பேச்சில் ஏசிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்த அந்தக் காலத்தில், கரைநண்டுகளும் முகம் பார்த்த திசையிலேயே நேராக நடந்தன. கண்கள் முகத்தோடு பதிந்திருந்தன. பின்னால் பார்க்க வேண்டுமென்றால் உடம்பு மொத்தத்தையும் திருப்ப வேண்டும். அலையடிக்கிற இடத்தில் அப்படித் திரும்பியவன் கவிழ்ந்துபோவான். அதனால் அவர்களுக்குள் ஒரு வழக்கம். பிள்ளை தன் கொடுக்கால் அப்பனின் முதுகோட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் வர வேண்டும். முதுகில் பிடி இருக்கிறவரை அப்பன் திரும்பக் கூடாது.

கல்லோடன் என்று ஒரு நண்டு. அவன் பெண்டாட்டியைக் கொக்கு கொத்திக்கொண்டு போனபின், அவனுக்கென்று மிஞ்சியவள் மகள் நுரையாயிதான். ஆனால் அவளோடு இருக்க நேரம் ஏது? நீர் ஏறி வளையை மூடும், தோண்டுவான். மறுபடி மூடும், மறுபடி தோண்டுவான். அவள் விழித்திருக்கும்போது இவன் மண்ணுக்குள் கிடப்பான். இவன் மேலே வரும்போது அவள் தூங்கிப்போயிருப்பாள்.

"ஒரு தடவை கடல்கிட்ட கூட்டிட்டுப் போயேன்ப்பா."

"எதுக்கு?"

"எல்லாப் பிள்ளைங்களும் பாத்திருக்கு. நான் சத்தத்தை மட்டும்தான் கேட்டிருக்கேன்."

அதைக் கேட்டபின் அவனுக்குத் தோண்டவே கை வரவில்லை. கடல் நன்றாகப் பின்வாங்கியிருந்த ஒரு காலையில், வளையைப் பாதியில் விட்டுவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போனான்.

ஈரமணலை வாயில் அள்ளி, சத்தை உறிஞ்சிவிட்டு, மிச்சத்தை உருட்டிப் போடச் சொல்லிக்கொடுத்தான். அவள் போட்ட உருண்டைகள் கோணல்மாணலாகக் கிடந்தன.

"அப்பா, கடல் ஏன் சும்மா சும்மா போயிட்டு வருது?"

"அதுக்கு வேற வேலை இல்ல."

"அப்ப அதுவும் உன்னை மாதிரிதான். சும்மா சும்மா தோண்டுறியே."

கல்லோடன் சிரித்துவிட்டான். பெண்டாட்டி போனபின் அவன் சிரித்தது அன்றைக்குத்தான். அந்தச் சிரிப்பில் நீர் ஏறத் தொடங்கியதைக் கவனிக்காமல் விட்டான்.

"பிடிச்சுக்க. கெளம்பு."

அவள் பிடித்துக்கொண்டாள். ஆனால் நாலடிக்கு ஒருதரம் நின்றாள். இந்தச் சங்குக்குள்ள யாருப்பா? நுரை எங்கப்பா போய்ச் சாகுது? அலை அவன் கால்களை நனைத்தது. பயம் வந்தது. பயந்தால் அவனுக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

"இனி வளை போய்ச் சேர்ற வரைக்கும் வாயைத் திறந்தே, உன்னை எங்கயும் கூட்டிட்டு வர மாட்டேன்!"

"ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன்ப்பா..."

"மூச்!"

அடங்கிவிட்டாள். பின்னாலிருந்து ஒரு பெரிய அலை மோதியது. கல்லோடன் கால்களை மணலில் ஊன்றி நின்றான். நீர் வடிந்தது. முதுகில் இழுப்பு அப்படியே இருந்தது. கெட்டிக்காரி, பிடியை விடவில்லை என்று நினைத்துக்கொண்டு நடந்தான். திட்டியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. வளை கிடக்கட்டும், நாளைக்கும் கூட்டிவர வேண்டும்.

எல்லாரையும் கிண்டலடிக்கிற ஆலாப்பறவை தலைக்கு மேலே தாழப் பறந்தது. "என்ன மாமா, பாசியைச் சுமந்துக்கிட்டு எங்க பயணம்?"

"என் மக உனக்குப் பாசியாட்டம் தெரியிறாளா? மீனையே பாத்துப் பாத்து உன் கண்ணு அவிஞ்சுபோச்சு, போ!"

வளை வந்தது. "பிடியை விடும்மா. இப்பக் கேளு. எத்தனை வேணும்னாலும் கேளு."

பதில் இல்லை. கோபித்துக்கொண்டாள் போல என்று திரும்பினான். முதுகோட்டிலிருந்து ஒரு கொத்துப் பாசி வழுக்கி மணலில் விழுந்தது.

ஆலா கீழே இறங்கி வந்தது. இந்த முறை அது சிரிக்கவில்லை.

"பெரிய அலை ஒண்ணு எதையோ இழுத்துட்டுப் போனதைப் பாத்தேன் மாமா. சருகுன்னு நெனச்சேன். உன் மகதான் வாயாடியாச்சே, அவளா இருந்தா கத்தியிருப்பாளேன்னு விட்டுட்டேன். சத்தமே வரலை மாமா. கடைசி வரைக்கும் வாயைத் திறக்கவே இல்லை."

கல்லோடன் கடலுக்கு ஓடினான். ஒவ்வொரு அலையாக முட்டி முட்டித் தேடியதில் கண்கள் முகத்தைவிட்டுப் பிதுங்கி, இரண்டு காம்புகளாக வெளியே வந்து நின்றன. கடலுக்கு முதுகைக் காட்டி வீடு திரும்ப அவனால் முடியவில்லை. பக்கவாட்டில் நடந்தான். ஒரு கண் கடல்மேல் இருந்தது. இன்னொரு கண் வளைமேல், ஒருவேளை அவள் அங்கே வந்து உட்கார்ந்திருந்தால்? அவளுக்கு வழி தெரியட்டும் என்று மணலை உருட்டி உருட்டி வரிசையாக வைத்துக்கொண்டே போனான். கடல் வந்து அத்தனையையும் கரைத்தது. மறுபடி உருட்டினான்.

அன்றைக்குத் தொடங்கியதுதான், கரைநண்டு கடலுக்கு முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் ஓடுவதும், கண்ணை நீட்டிக்கொண்டு அலை வரைக்கும் போய் ஒரு நொடி காத்து நின்றுவிட்டு, தன்னை யாரும் ஒன்றும் கேட்காததால் வளைக்குத் திரும்பிவிடுவதும்.