கறை விழுந்த இடம்

மடம் கட்டி மூன்று வருடம்தான் ஆகிறது. சீடர் நல்லபெருமாளுக்கு அது பெரிய குறை. வருகிறவர்களெல்லாம் "எத்தனை தலைமுறை மடம்?" என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?

கட்டட வேலை நடந்தபோது செல்போனில் எடுத்த படம் ஒன்று அவரிடம் இருந்தது. நடுவில் குரு தயாபரி அம்மா, சுற்றிலும் வேலை செய்தவர்கள். அதைக் கணினியில் போட்டுப் பழுப்பாக்கினார். கீறல்கள் போட்டார், குறுக்கே ஒரு மடிப்புக் கோடு. கடைசியில், தண்ணீரில் ஊறியது போல ஓரத்தில் ஒரு கறை. சட்டம் போட்டு வாசலில் மாட்டினார்.

அம்மாவைவிட அவர் இருபது வயது மூத்தவர். ஆனாலும் அம்மாவின் பாராட்டுக்காகப் பள்ளிப் பிள்ளை மாதிரி காத்து நின்றார்.

அதற்குள் பேச்சியம்மாள் வந்துவிட்டாள். மடத்து அஸ்திவாரத்துக்கு மண் சுமந்தவள். மருமகளையும் கூட்டி வந்திருந்தாள்.

"படம் மாட்டியாச்சுன்னாங்க. நான் எங்கன நிக்கேன், ஐயா?"

நல்லபெருமாள் கறையைப் பார்த்தார்.

மருமகள் சிரித்தாள். "மடத்தையே நான்தான் கட்டினேன்னு தெருவெல்லாம் சொன்னிய. முந்தானைகூடக் காணுமே, அத்தே!"

"ஏளா, சும்மா இரி. இந்த ஓரத்துலதான் நின்னேன்."

பேச்சியம்மாள் கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள். கறை போகவில்லை. இன்னும் அழுத்தித் துடைத்தாள்.

சத்தம் கேட்டு அம்மா வந்தார்.

"மூன்று வருடத்துப் படத்துக்கு அதற்குள் என்ன வந்தது?"

"நான்தான் பழசாக்கினேன், அம்மா. பழசு என்றால் கறை இருக்குமே."

"ஏன் அங்கே?"

"ஓரம்தானே அது. முக்கியமானவர்கள் யாரும் அங்கே..." பாதியில் நிறுத்தினார்.

"கறையை நகர்த்த முடியுமா?"

"ஒரு நிமிட வேலை, அம்மா."

"என் முகத்துக்கு நகர்த்துங்கள்."

நல்லபெருமாள் உள்ளே போய்க் கணினியைத் திறந்தார். மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள். கை மவுஸின் மேலேயே நின்றுவிட்டது.

"உங்கள் முகத்தில் எப்படி, அம்மா? முடியாது."

"கரையானும் மழையும் இப்படி யோசிக்குமா?"

நல்லபெருமாள் கறையை அழித்தார். படத்தின் ஓரத்தில், தலையில் கூடையோடு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பேச்சியம்மாள் நின்றாள்.

"அட, அத்தைதான்!" என்றாள் மருமகள்.

பேச்சியம்மாள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நல்லபெருமாளுக்கு மட்டும் மனம் ஆறவில்லை. மெதுவாகக் கேட்டார்.

"நூறு வருடம் கழித்து நிஜமாகவே அதே இடத்தில் கறை விழலாம். அப்போது என்ன செய்வது, அம்மா?"

"விழட்டும். அது ஆள் பார்த்து விழாது."