இடது கதவில் ஒரு சீல்

மடி நிறையப் பனியன் கிடக்கிறது. ஒரு கட்டுக்குப் பிசிர் வெட்டி முடித்ததும் நாலு வரி, அடுத்த கட்டு முடிந்ததும் நாலு வரி என்று இந்தப் புதிரை எழுதுகிறேன்.

எங்க வீட்டுக்காரர் திருப்பூர்ப் பக்கம் ஒரு டிரை போர்ட்டில், அதாவது கடலில்லாத துறைமுகத்தில், கன்டெய்னர் சரக்கு இறக்குகிறவர். வெளிநாட்டுச் சரக்கு தூத்துக்குடியில் கப்பலை விட்டு இறங்கும். அங்கே வரி கட்ட வேண்டாம். கதவைச் சாத்தி, சீல் போட்டு, லாரியில் இங்கே கொண்டுவந்து கஸ்டம்ஸ் முன்னால் திறப்பார்கள். எண்ணிப் பார்த்து, இருக்கிற பெட்டிக்குத்தான் வரி. வழியில் குறைந்தால் அது லாரிக்காரர் பாடு.

சீல் என்றால் அரக்கு இல்லை. கட்டைவிரல் பருமனுக்கு ஓர் இரும்பு ஆணி. ஒரு தரம் அழுத்திவிட்டால் கட்டர் வைத்து வெட்டினால்தான் வரும், வெட்டினது மறுபடி சேராது. வலது கதவு இடது கதவின் மேல் ஏறி மூடும், வலதைத் திறக்காமல் இடது திறக்காது. அதனால் சீலை வலது கதவில்தான் போட வேண்டும். ஆனால் வழி நெடுக எல்லாரும் நம்பரைத்தான் படிப்பார்கள். எந்தக் கதவு என்று பார்ப்பதில்லை.

அன்றைக்கு வந்தது ஜிப் ரோல். சரக்கு, பனியன் கம்பெனி முதலாளி நாச்சிமுத்துவுடையது. தூத்துக்குடியில் சீல் போட்டவன் அவருடைய ஏஜென்ட்டின் ஆள் பிச்சையா. மறுநாள் காலையில் வந்து வண்டியை எடுத்தவர் டிரைவர் ஜெபஸ்தியான். மூன்று பேரும் டிரை போர்ட்டில் கஸ்டம்ஸ் அதிகாரி தமயந்தி மேடம் முன்னால் நின்றார்கள்.

நம்பர் சரியாக இருந்தது. கட்டரோடு போன எங்க வீட்டுக்காரர் அப்படியே நின்றுவிட்டார். சீல் இடது கதவில். வலது கைப்பிடியை இழுத்துப் பார்த்தார். சீல் முழுசாகத் தொங்க, கதவு பாட்டுக்குத் திறந்துகொண்டது. எண்ணினால் பன்னிரண்டு பெட்டி குறைவு.

முதலாளிதான் முதலில் டிரைவரைப் பார்த்துக் கத்தினார். "எந்த ஊர்ல இறக்குனே? உங்க ஓனர் வந்து பதில் சொல்லட்டும்!"

"கோவில்பட்டில ஒரு டீ, அவ்வளவுதான்யா. ஜிப்பை எடுத்துட்டுப் போயி நான் என்ன, மாலையா கட்டிப் போட்டுக்கப் போறேன்?"

"மேடம், நான் வலது கதவுலதான் சீல் போட்டேன்," என்றான் பிச்சையா. "இவருதான் வழியில கழட்டி இடதுல மாட்டியிருக்காரு."

தமயந்தி மேடம் ஜெபஸ்தியானின் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார். போலீசுக்குப் போன் போனால் அந்த மனுசன் இனி எந்த லாரியிலும் ஏற முடியாது. ஜெபஸ்தியான் தன் சட்டைப்பையிலிருந்து இரண்டு எடைச் சீட்டை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று தூத்துக்குடி வாசலில் போட்டது, மற்றது இங்கே நுழையும்போது போட்டது. டீசல் எரிந்த அளவுதான் வித்தியாசம்.

நீங்கள் அந்த மேடமாக இருந்தால் யாரைப் போகச் சொல்வீர்கள், யாரை உட்காரச் சொல்வீர்கள்?

விடை: போக வேண்டியவர் ஜெபஸ்தியான். வெட்டாமல் சீல் கழலாது, வெட்டியிருந்தால் முழுசாகத் தொங்காது. அப்படியானால் முதலிலேயே இடதில் போட்டவன் பிச்சையாதான். வாசலைத் தாண்டின பிறகு எடையும் குறையவில்லை, ஆகப் பெட்டி அவர் வண்டியை எடுப்பதற்கு முந்தின நாளே போய்விட்டது. மேடம் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார். "மனசுல வச்சுக்காதீங்க டிரைவர்," என்றார் முதலாளி. "வச்சுக்குவேன்யா," என்றார் ஜெபஸ்தியான். அப்புறம் மேடம் பிச்சையாவைக் கேட்டார்: "ஜிப் ரோலை வச்சுக்கிட்டு நீ என்ன பண்ணப் போறே? வரி கட்டாம அது யாருக்குப்பா வேணும்?" பிச்சையாவின் கண் மெல்ல நகர்ந்தது. அத்தை கூப்பிடுகிறார், குழந்தை எழுந்துவிட்டான் போல, இதோ வர்றேனுங்க அத்தை, அந்தக் கண் போய் நின்ற இடத்தில் முதலாளி கைக்குட்டையை எடுத்து